லாரி டிரைவர் என்ன ஆனார்?

சூப்பர் ஹீரோ காமிக்ஸ் தொகுப்பு ஒன்றுக்கு வாசகர் குழுவில் ஐந்து நட்சத்திரம் போட்டு நீளமாக எழுதியிருந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான். கேரளத்து முதலமடையிலிருந்து லாரியில் மாங்காய் லோடு ஓட்டும் அப்பாவுக்கும் அந்தப் புத்தகம் பிடிக்க வேண்டும் என்று ஆசை. பக்கம் பக்கமாகப் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர், நாயகன் லாரியைத் தூக்கி வில்லன்மேல் எறியும் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"ஏண்டா, டிரைவர் எறங்கிட்டானா?"

"அதெல்லாம் காட்ட மாட்டாங்கப்பா."

"லைட்டு எரியுது பாரு. உள்ளதான் இருக்கறான்."

நான்கு முறை படித்தும் நான் கவனிக்காதது அது. கடைசிப் பக்கம்வரை இருவரும் தேடியும் டிரைவர் அகப்படவில்லை. அன்றே ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துக் காரணமும் எழுதினேன். 'அது காலி லாரி' என்று ஒருவர் பதில் போட்டார். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"காலி லாரி தானா ஓடுமா? நீ அடுத்த புஸ்தகம் வாங்கு. அவன் ஊடு போய்ச் சேந்தானான்னு தெரியோணும்."