பின்வரிசையில் அப்பா பேசிய நாள்

அப்பா ஒரு தடவைதான் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். அதற்கு முன் அவர் அரசாங்க அப்போதிக்கரி. டாக்டர் இல்லாத ஊர்களில் காய்ச்சலுக்கு மருந்து கலக்கிக் கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, வேண்டிவந்தால் பிரசவமும் பார்க்கிற உத்தியோகம். திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் இருந்த எங்கள் ஊரிலும் அக்கம்பக்கத்திலும் அவரிடம் மருந்து வாங்காத வீடு இல்லை. ஓய்வு பெற்றதும் சுயேச்சையாக நின்றார். மருந்து வாங்கிய வீடுகள் வாக்குப் போட்டன.

அந்தத் தேர்தலை நடத்தியவர் மாமா, அம்மாவின் தம்பி. வெள்ளைக்காரனின் கடற்படைக் கப்பல்களைத் திருத்துகிற டொக்யாட்டில் அவர் பிற்றர். இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுகிற வேலை. காலையில் வள்ளத்தில் அக்கரைக்குப் போய் மாலையில் கைகளில் கிறீஸ் நாற்றத்தோடு வருவார். அவரும் டொக்யாட் சினேகிதர்களும் வேலை முடிந்த கையோடு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். சம்பளத்தில் பிடித்து நோட்டீஸ் அடித்ததும் அவர்கள்தான்.

அப்பா அரசாங்கத் தரப்பின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். ஏன் அங்கே என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "எங்களுக்கு ஆசுப்பத்திரி வேணும். அதைத் தரக்கூடியவங்கள் அந்தப் பக்கத்தில இருக்கிறாங்கள்." கடல்வாயைக் கடக்கப் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவை இருந்தது. காற்று எழும்பினால் அது ஓடாது. பிரசவ வலி கண்ட பெண்களை வள்ளத்தில் ஏற்றுவார்கள். அப்படி ஏற்றியவர்களில் எல்லோரும் அக்கரை சேரவில்லை. ஒரு பெண் அப்பாவின் மடியில் தலை வைத்தபடியே நடுத் தண்ணீரில் போய்விட்டாள். அன்று வீட்டுக்கு வந்து நனைந்த உடுப்போடு கதிரையில் இருந்தவரை அம்மாவால் சாப்பிட வைக்க முடியவில்லை.

பின்வரிசைக்காரருக்குப் பேச்சு நேரம் கடைசியில்தான் கிடைக்கும். பெரியவர்கள் பேசி முடித்துத் தேநீருக்கு எழும்பிப் போன பிறகு, வெறும் கதிரைகளைப் பார்த்துப் பேச வேண்டும். உடைந்த மதகு, மருந்தில்லாத மருந்தகம், தம்பலகாமத்து வயலில் இறங்கும் யானை என்று அவர் பேசியது எல்லாம் சின்ன விஷயங்கள். கொழும்புக்குப் போகும் நாள் காலையில் முகம் வழித்துக்கொண்டே ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்பார். "ஐயோ, கன்னத்தை வெட்டப் போறீங்கள்" என்று அம்மா குசினிக்குள் இருந்து சத்தம் போடுவா.

பிறகு துறைமுகத்தை வெள்ளைக்காரனிடமிருந்து எடுக்கும் காலம் வந்தது. நாடே கொண்டாடியது, எங்கள் பள்ளிக்கூடத்திலும் கொடி கட்டினோம். நான் அப்போது அங்கே படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆனால் டொக்யாட் ஆட்களின் வீடுகளில் வேறு கதை. வெள்ளைக்காரன் போனால் அங்கே திருத்தக் கப்பல் ஏது, வேலை ஏது? மாமா ஒரு மாலை சினேகிதர்களோடு வந்தார்.

"அத்தான், எங்களுக்காக ஒருத்தன் வாய் திறக்கிறான் இல்லை. நீங்கள் கதைக்கோணும்."

"ஓம், கதைப்பன்" என்றார் அப்பா.

அந்தப் பேச்சைக் கேட்க அம்மாவையும் என்னையும் கூட்டிப்போனார். காலிமுகக் கடலைப் பார்த்து நின்ற பழைய நாடாளுமன்றத்தில், பார்வையாளர் மாடத்தில் இருந்தோம். மேலேயிருந்து பார்க்க அப்பா மிகவும் சிறிதாகத் தெரிந்தார். அவருடைய முறை வந்தபோது சபையில் பாதிப் பேர்கூட இல்லை.

முதலில் அவருடைய குரல் எழும்பவில்லை. எசமான் போவது நல்லதுதான், அதை வரவேற்கிறேன் என்று தொடங்கினார். எசமானோடு சேர்ந்து இத்தனை குடும்பங்களின் அடுப்பும் போகிறதே, அதற்கு அமைச்சர் என்ன வழி வைத்திருக்கிறார் என்று கேட்டார். அவருடைய தரப்பிலிருந்தே ஒருவர் எழும்பி, "வெள்ளைக்காரனைத் திரும்பிக் கூப்பிடச் சொல்கிறீரா?" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா என் கையைப் பிடித்தா. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"ஐயா, நான் காலமெல்லாம் மருந்து கலக்கிக் கொடுத்தவன். காய்ச்சல் விட்டுவிட்டது என்பதற்காக நாங்கள் நோயாளியைப் பட்டினி போடுவதில்லை."

சிரிப்பு நின்றது. எதிர்க்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். வெளியே போயிருந்தவர்கள் சிலர் உள்ளே வந்தார்கள். நேரம் முடிந்ததென்று மணி அடித்த பிறகும் சபாநாயகர் அவரை ஒரு நிமிஷம் பேச விட்டார். என் வாழ்க்கையில் அப்பாவைப் பார்த்து அவ்வளவு பெருமைப்பட்டது அந்த ஒரு தரம்தான்.

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கட்சி ஒரு பிரேரணை கொண்டுவந்தது. அமைச்சின் செலவுப் பணத்தில் பத்து ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று. பணம் பெரிதல்ல, அது கண்டனம் தெரிவிக்கிற முறை. வாக்கெடுப்புக்கு முன் அப்பா எங்களை வெளித் தாழ்வாரத்தில் சந்தித்தார். முகம் கறுத்திருந்தது.

"அரசாங்கக் கொறடா வந்து கதைச்சவர்" என்றார் அம்மாவிடம். "'பேசினது பரவாயில்லை, வாக்கு மட்டும் எங்களோட இருக்கட்டும். உங்கட ஊர் ஆசுப்பத்திரிக்கு, முதல்ல பிரசவ வாட்டுக்கு, அடுத்த மாசம் கல் வைக்கிறம்' எண்டார்."

"வாக்குப் போடாட்டி?"

"கல் வைக்க மாட்டினம். வேறென்ன."

அம்மாவும் நானும் மாடத்துக்கு ஏறினோம். பெயர்களைக் கூப்பிட்டார்கள். அப்பாவின் பெயர் வந்ததும் அவர் அரசாங்கத்தோடு வாக்களித்தார். நாங்கள் காதைக் கூர்மையாக்கி வைத்திராவிட்டால் அந்தக் குரல் எங்களுக்குக் கேட்டிருக்காது.

நாங்கள் ஊர் வந்து சேர்வதற்கு முன்பே பத்திரிகை வந்துவிட்டது. அதில் காய்ச்சல், பட்டினி என்ற வார்த்தைகள் பெரிய எழுத்தில் இருந்தன. வாக்கெடுப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மாமா ஒரு பெரிய பாரைமீனைத் தூக்கிக்கொண்டு வந்தார், பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். முற்றத்தில் நின்று பத்திரிகையை உரத்து வாசித்தார். வாசித்து முடித்து, சிரித்த முகத்தோடேயே கேட்டார்.

"அப்ப அத்தான், வாக்கு என்னமாதிரிப் போச்சு?"

அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். "பிரேரணை தோத்துப் போச்சு. நானும் அரசாங்கத்துக்குத்தான் போட்டனான்."

மாமா பத்திரிகையை மடித்து வாங்குப் பலகையில் வைத்தார். "கதைச்சது எங்களுக்கு. வாக்கு அவங்களுக்கு. அப்பிடித்தானே?" என்றார். அப்பா ஆசுப்பத்திரியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அதைக் கேட்க யாரும் நிற்கவில்லை. மீனை அம்மா சமைத்தா, நாங்கள் சாப்பிடவில்லை.

டொக்யாட் மூடப்பட்டது. கொஞ்சப் பேரைக் குறைந்த சம்பளத்தில் துறைமுகத்தில் எடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்பா சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற இடத்தில் யாரையோ பிடித்து மாமாவுக்கு ஒரு வேலை ஒழுங்கு செய்தார். அதைச் சொல்ல நானும் அவரோடு போனேன். மாமா படலையைத் திறக்கவே இல்லை, மறுபக்கத்தில் நின்றபடி கேட்டார்.

"எல்லாருக்குமோ, எனக்கு மட்டுமோ?"

"இப்போதைக்கு உனக்குத்தான் ஏலும், மச்சான்."

"அப்ப எனக்கு ஏலாது."

மாமா குடும்பத்தோடு தம்பலகாமத்துக்குப் போய், காடு வெட்டிக் கொஞ்சம் வயல் செய்தார், அங்கிருந்தவர்களின் டிராக்டர்களைத் திருத்தினார். பிரசவ வாட்டைச் சொன்னபடி கட்டினார்கள். திறந்த நாளில் டொக்யாட் வீடுகளிலிருந்து பெண்கள் வந்தார்கள், ஆண்கள் வரவில்லை. அடுத்த தேர்தலில் மாமா அப்பாவுக்கு எதிராக வேலை செய்யவில்லை. எந்தப் பக்கமும் வரவில்லை, அவ்வளவுதான். அப்பா தோற்றார்.

அதற்குப் பிறகு அப்பா வீட்டு முன்னறையிலேயே மருந்து கொடுத்தார். நாடாளுமன்றத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. அவருடைய காய்ச்சல் வசனம் மட்டும் திருகோணமலைத் தேநீர்க் கடைகளில் உலவியது. அது அவர் சொன்னது என்று தெரியாதவர்கள் அவரிடமே அதைச் சொல்லுவார்கள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்ளுவார்.

சில வருஷங்கள் கழித்து ஒரு மத்தியானம் மாமா வந்தார். டிராக்டர்ப் பட்டியில் விரல் நசிந்து, துணி சுற்றி, துணி முழுக்க இரத்தம். பட்டணத்து ஆசுப்பத்திரிக்குப் போயிருக்கலாம். ஏன் இங்கே வந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. அப்பா விரலைக் கழுவி, தையல் போட்டு, கட்டினார். கட்டி முடியுமட்டும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"அண்டைக்குக் கதைச்சது நல்ல கதை, அத்தான்" என்றார் மாமா எழும்பும்போது.

"கதை மட்டும்தானே" என்றார் அப்பா.

அம்மா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னா. பஸ் போய்விடும் என்று மாமா போய்விட்டார். தையல் வெட்ட வருவார் என்று அப்பா கத்தரிக்கோலை அவித்து வைத்திருந்தார். தம்பலகாமத்திலேயே வெட்டிக்கொண்டாராம் என்று பிறகு ஆள் சொல்லித்தான் தெரியவந்தது.

எழுபதுகளின் நடுவில் அப்பா இறந்தார். மாமா வந்து, மற்றவர்களோடு சேர்ந்து பாடையைத் தூக்கினார். எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்து சனம் கலைந்த பிறகு பின்பக்க வாங்கில் இருந்தவருக்கு நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். அவ்வளவு காலமும் மனதுக்குள் கிடந்ததைக் கேட்டேன்.

"மாமா, அப்பா அண்டைக்கு மற்றப் பக்கம் வாக்குப் போட்டிருந்தா, உங்கட வேலை தப்பியிருக்குமோ?"

"எங்க தப்பும்? ஒரு வாக்கால என்ன வரும்? அது எங்களுக்கு அப்பவே தெரியும்."

"அப்ப ஏன்..."

அவர் தேத்தண்ணியை வாயில் வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். "எங்களிட்ட ஒருக்காக் கேட்டிருக்கலாம், பிள்ளை. அரசாங்கப் பக்கம் இருக்கிறவருக்கு இப்பிடி ஒண்டு வரும் எண்டு தெரியாமலோ இருந்திருக்கும்? போறதுக்கு முதல் துறையடிக்கு வந்து, 'தம்பிமாரே, வாட்டு வேணுமெண்டா வாக்கை அவங்களுக்குத்தான் போடவேண்டி வரும்போல கிடக்கு, என்ன செய்ய?' எண்டு. நாங்களே சொல்லியிருப்பம், போடுங்கோ எண்டு. வள்ளத்தில செத்தவளுகள் எங்கட வீட்டுப் பெண்டுகளும்தானே."

"இதை நீங்கள் அவரிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் அண்டைக்கு விரலோட வந்தனான்" என்றார். "வாய் வரேல்லை."

அப்பா தன்னைக் குற்றவாளி என்று நினைத்தே இத்தனை வருஷம் அந்த முன்னறையில் உட்கார்ந்திருந்தார். தேநீர்க் கடையில் தன் வசனத்தைத் தனக்கே யாராவது சொல்லும்போதெல்லாம் அவர் முகம் எப்படிப் போகும் என்று நான் பார்த்திருக்கிறேன். மாமாவின் இந்த இரண்டு வார்த்தையை அவர் கேட்டிருந்தால் கடைசிக் காலத்தில் கொஞ்சம் நிம்மதியாகப் படுத்திருப்பார். நான் அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவ தம்பியைக் கோபிப்பாவோ, அழுவாவோ, எனக்குத் தெரியவில்லை.

மாமா ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்து முடித்து, குவளையை என்னிடம் தந்துவிட்டு, வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.