காலியாக விட்ட கட்டம்

கடுகண்ணாவையில் தராசு திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் பத்து வருடம் இருந்தவன் யாரையும் லேசில் நம்பமாட்டான். தராசு பழுது என்று கொண்டுவருவார்கள். திறந்து பார்த்தால் யாரோ வேண்டுமென்றே கை வைத்திருப்பது தெரியும். என் புத்தியும் அப்படியே ஆகிவிட்டது. தேத்தண்ணீரில் சீனி குறைந்தால்கூட யார் எடுத்தது என்று யோசிக்கிற ஆள் என்று மனைவி என்னைச் சொல்வாள். கொஞ்சம் மிகைதான், ஆனாலும் முழுப் பொய் இல்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற ஒரு சிங்கள ஐயா ஆய்வுகூடத் தராசை என்னிடம்தான் கொண்டுவருவார். ஒருநாள் வேலை முடியும்வரை கதிரையில் உட்கார்ந்திருந்தவர், இணையத்தில் ஒரு தளம் இருப்பதாகச் சொன்னார். வெளிநாட்டுக் கம்பனிகள் தங்களால் தீர்க்க முடியாத சிக்கல்களை அதில் போடுமாம். உலகத்தில் யாரும் விடை எழுதலாமாம். பிடித்த விடைக்குப் பரிசுப் பணமாம்.

என் காதில் பூச்சுற்றப் பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சம்பளம் கொடுத்து எஞ்சினியர்களை வைத்திருக்கிற கம்பனி, கடுகண்ணாவையில் ஸ்குரூ முடுக்குகிறவனிடம் ஏன் கேட்கவேண்டும்? அப்படியானால் நீங்களே எழுதலாமே என்று கேட்டேன். நாலு தடவை எழுதினேன், ஒன்றும் கிடைக்கவில்லை என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அரைவாசி நம்பிக்கை வந்தது. ஆள் பிடிக்க வருகிறவன் தான் தோற்ற கதையைச் சொல்லமாட்டான்.

புதிதாக ஒரு மின்னஞ்சல் திறந்து, பழைய போனில் பதிந்துகொண்டேன். பதிவதற்குக் காசு கேட்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஒரு கிழமை எதுவும் எழுதாமல் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு கம்பனிக்குப் பெயிண்ட் நாற்றம் போகவேண்டும், இன்னொன்றுக்குப் போத்தல் மூடி இறுகாமல் இருக்கவேண்டும். மூன்றாவதாக ஒன்று: பறித்த மூலிகை இலை, சாக்கில் போட்டுத் தொழிற்சாலைக்கு வருவதற்குள் சூடாகிக் கருகிவிடுகிறது, குளிரூட்டிய லொறிக்கு வசதியில்லை, செலவு குறைந்த வழி வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வழி என் அக்காவுக்குத் தெரியும்.

அக்கா ஹுன்னஸ்கிரிய பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். சாக்கில் அமுக்கிய கொழுந்து, மடுவக் கொட்டகையில் நிறுக்கிற நேரத்துக்குள் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும். சிவந்ததற்குக் கிலோவில் வெட்டு விழும். அக்கா மானாப்புல் தண்டுகளைக் கை மொத்தத்துக்குக் கட்டாகக் கட்டி, சாக்கின் நடுவில் நிமிர்த்தி வைத்து, சுற்றிவரக் கொழுந்தைப் போடுவாள். சூடு அந்தக் கட்டின் வழியாக மேலே போய்விடும். நிறுக்கப் போகும்போது கட்டை உருவி எடுத்துவிடுவாள். அந்த மலையில் வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அப்படியும் எடையில் வெட்டினால் யாரிடமும் வாய் கொடுக்கமாட்டாள். அவர்களுக்கும் மேலே ஆள் இருக்கிறதே என்று வெட்டியவருக்காகவே பேசுவாள். ஒரே வயிற்றில் எப்படி நாங்கள் இரண்டு பேரும் பிறந்தோம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை கண்டியில் பஸ் மாறி, வெப்பமானி இரண்டோடு அக்காவிடம் போனேன். அவள் அரைநாள் வேலையை விட்டுவிட்டு என்னோடு நின்றாள். கட்டு வைத்த சாக்கு ஒன்று, வைக்காத சாக்கு ஒன்று. அரைமணிக்கு ஒரு தடவை சூட்டைப் பார்த்து எழுதினோம். வித்தியாசம் நான் நினைத்ததைவிட அதிகம். வெளிநாட்டிலும் இலை வேகுமா என்று அக்காவுக்கு ஆச்சரியம். புறப்படும்போது பஸ் வரைக்கும் கூடவே வந்தாள்.

"ஜெயிச்சா எம் பேரும் வருமா தம்பி?"

"வராம?" என்றேன்.

மானாப்புல்லை வெளிநாட்டுக்காரனுக்கு எப்படி விளக்குவது? அதற்குப் பதிலாகத் துளையிட்ட அட்டைக் குழாய் என்று மாற்றினேன். படம் வரைந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதி முடிக்க இரண்டு கிழமை எடுத்தது. கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. இதில் உங்களோடு வேலை செய்த மற்றவர்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதவும் என்று கேட்டிருந்தார்கள். ஊர் பேர் தெரியாதவனுக்கு அக்காவின் இலக்கத்தை எதற்குக் கொடுக்கவேண்டும்? யாராவது அவள் பெயரில் கடன் எடுத்தால்? கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பிவிட்டேன். அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று இப்போதும் சொல்ல ஆசையாக இருக்கிறது.

இரண்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. யோசனையைத் திருடிக்கொண்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். நான் அனுப்பிய ஒவ்வொரு பக்கத்தையும் சாட்சிக்காகப் படம் எடுத்து வைத்தேன். பேராதனை ஐயாவிடம் முறையிட்டபோது, பொறுமையாக இருக்கச் சொல்லிச் சிரித்தார். அவரும் கூட்டாக இருப்பாரோ என்றுகூட ஒருநாள் நினைத்தேன்.

பிறகு கடிதம் வந்தது. என் விடையைத் தெரிவு செய்திருக்கிறார்களாம். வங்கிக் கணக்கு வேண்டுமாம், காணொளியில் பேசவும் வேண்டுமாம். கண்டிக்குப் போய்ப் புதிதாக ஒரு கணக்குத் திறந்தேன். அதில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றையும் எடுக்க முடியாது அல்லவா? காணொளியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். அவளுக்குப் பின்னால் இருக்கிற அறை நிஜமா படமா என்று உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளிடம் கேட்க ஒன்பது கேள்வி எழுதி வைத்திருந்தேன். முந்திக்கொண்டு அவள் ஒன்று கேட்டாள்: இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்தது?

தோட்டத்தில் வளர்ந்தவன் நான், தொழிலாளர்களைக் கவனித்துக்கொண்டே இருந்தபோது எனக்குத் தோன்றியது என்றேன். ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. அருமையான கதை என்று அவள் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் ஒரு பத்திரம் அனுப்பினார்கள். இது முழுக்க முழுக்க என் சொந்த யோசனை, வேறு எவருக்கும் இதில் பங்கில்லை என்று கையெழுத்திட வேண்டும். கரண்ட் பில்லையே இரண்டு தடவை வாசிக்கிறவன் நான். அதை ஒரு தடவை வாசித்தேன், உடனே கையெழுத்துப் போட்டேன். பணம் சொன்ன நாளில், சொன்னபடியே வந்தது. கூடவே ஒரு சான்றிதழும் வந்தது.

அந்தப் பணத்தில் அக்காவின் லயத்து வீட்டுக்குப் புதிய கூரைத் தகடு வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு போனேன். எவ்வளவு கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. சான்றிதழ் வந்ததாமே, அதைக் காட்டு என்றாள். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. வங்கிப் புத்தகத்தில் பார்த்துப் பார்த்துத் தன் பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியும். மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துத் தேடிக்கொண்டு வந்தாள். கடைசி வரிக்கு வந்து, திரும்ப முதல் வரிக்குப் போனாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எங்க தம்பி எம் பேரு?"

"ஒனக்கு வேறயா வரும்க்கா. தோட்டத்து வெலாசத்துக்கே தபால்ல அனுப்புறாங்க."

"அப்ப சரி," என்று மடிப்பு விழாமல் திருப்பித் தந்தாள். வந்ததும் மடுவத்தில் எல்லோருக்கும் காட்டவேண்டும் என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. கம்பனிக்கு எழுதிப் பெயரைச் சேர்க்கலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். எழுதினால் நான் கையெழுத்திட்டது பொய் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். எழுதவில்லை.

போன மாதம் அக்கா போன் எடுத்தாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. தோட்டத்துத் தபாலைப் பிரித்து லயங்களுக்குக் கொண்டுவந்து கொடுக்கிற மனிதரோடு சண்டை போட்டுவிட்டாளாம். என் கடிதத்தை எங்கே ஒளித்தாய் என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டாளாம். அந்த ஆள் சாமிமேல் சத்தியம் பண்ணியும் விடவில்லையாம். அக்கா ஒருவரோடு சண்டை போட்டதாக நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை.

"அந்தாள நம்ப முடியாது தம்பி," என்றாள். "ஒன்னோட கடைக்கே இன்னொன்னு அனுப்பச் சொல்லு. நீயே கையோட கொண்டாந்துரு."

சரி அக்கா என்றேன்.