அக்கா பூசிய அழுக்கு

அக்காவுக்குச் செயற்கைப் பல் செய்யும் வேலை. பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து, வார்த்தெடுத்த வெள்ளைப் பல்லில் லேசாக மஞ்சள் ஏற்றுவாள். ஓரத்தில் ஒரு தேநீர்க் கறை, நுனியில் முடியளவு விரிசல். "பளிச்னு இருந்தா பொய்ப்பல்னு காட்டிக் கொடுத்துரும்டா" என்பாள்.

அதே கையோடு மாடியறையில் ஒரு குட்டி ரயில் நிலையமும் செய்தாள். கடையில் வாங்கிய பெட்டியை அப்படியே ஓடவிட அவளுக்கு மனம் வராது. கரித்தூளைக் கூரையில் ஊதுவாள். தண்டவாளத்தின் பக்கங்களில் துருநிறம். மேலே மட்டும் சக்கரம் தேய்த்த மினுமினுப்பு. எஞ்சின் நிற்கும் இடத்தில் மட்டும் எண்ணெய்க் கறை. ஜன்னல்களுக்குக் கீழே மழைநீர் வழிந்த கோடுகள். கழிப்பறைச் சுவரைப் பார்த்தாலே மூக்கைப் பொத்தத் தோன்றும். நடைமேடை முனையில், ரயிலைத் தவறவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்கும் ஒரு தொப்பைக்காரர். "உங்க அத்தான்தான்டா அது" என்று சிரிப்பாள்.

வெளியார் யாருக்கும் அதைக் காட்டாமலே போன மாதம் போய்ச் சேர்ந்தாள். பொம்மை ரயில் சங்கத்தார் ஆண்டுக் கண்காட்சியில் அவள் பெயரிலேயே அதை வைப்பதாகச் சொன்னார்கள். அவள் கைவேலையை இனியாவது நாலு பேர் பார்ப்பார்கள் என்றுதான் போனேன்.

அரங்கில் எல்லாம் மின்னியது. கூரை சிவப்பு, சுவர் வெள்ளை, துருவைக் காணோம்.

"எப்படி இருக்கு மச்சான்?" என்றார் அத்தான். "ஒரே அழுக்கா கிடந்துச்சு. சோப்புத் தண்ணியும் பல் பிரஷும் வச்சு ஒவ்வொண்ணா கழுவினேன்."

"அழுக்கா? அதுதான் அத்தான் அவ வேலையே! இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது மாடி ஏறிப் பார்த்தீங்களா?"

"பொண்டாட்டி போனதும் வீட்டைக் குப்பையா போட்டுட்டான்னு நாலு பேர் பேச மாட்டாங்களா?"

சங்கச் செயலாளர் குறுக்கே வந்தார். "விடுங்க தம்பி. கண்ணைப் பறிக்குதுல்ல? பசங்களுக்கு இதுதான் பிடிக்கும்."

பற்றிக்கொண்டு வந்தது. ரயில் சங்கத்துக்குச் செயலாளராம்! நிஜ ரயிலில் ஒரு தடவையாவது ஏறியிருக்கிறாரா இந்த மனிதர்?

"அப்ப எங்க அக்கா பேரை எடுங்க."

"பேர் இல்லாம எப்படி வைக்கிறது?"

"கழுவினவர் பேரைப் போடுங்க!"

அத்தான் குனிந்து, கழிப்பறைச் சுவரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அக்காவின் பெயரட்டையைத் தானே கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

செயலாளர் ரயிலை ஓடவிடும் பொத்தானை அழுத்தினார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.