ஆயிடும் சார்

எதிர்முனையில் பேசுகிறவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் இவர் தலை ஆடிவிடுகிறது. தொலைபேசியில் தலையாட்டினால் அங்கே யாருக்குத் தெரியும்? அதனால் வாயாலும் ஒரு முறை சொல்லிவிடுவார்: "ஆயிடும் சார்." அப்புறம் போனை வைத்துவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஒன்பது பேரையும் பார்த்துப் புன்னகைப்பார். அந்தப் புன்னகையைக் கண்டதுமே நான் வீட்டுக்குப் போன் போட்டு, வர நேரமாகும் என்று சொல்லிவிடுவேன்.

எங்கள் திட்ட மேலாளர் அவர். ஐம்பதை ஒட்டிய வயது, மடிப்புக் கலையாத சட்டை, பையில் எப்போதும் இரண்டு பேனா. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி 'ஆயிடும்'தான். "ஆயிடும் வந்தாச்சா?" என்று வரவேற்பில் இருக்கும் பெண்கூடக் கேட்கிறாள். நான் அவரிடம், மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதுகிறவன். அவர் ஒரு முறை ஆயிடும் என்றால் நான் பதினோரு பக்கம் மாற்றி எழுத வேண்டும். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது நடப்பது ஒரு பார்சல் கம்பெனிக்கான மென்பொருள். ஆறு மாத வேலை. பார்சல் எண்ணைத் தட்டினால் அது எங்கே இருக்கிறது என்று திரை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என்னென்ன செய்வோம், என்னென்ன செய்ய மாட்டோம் என்று நாற்பத்திரண்டு பக்கம் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். போட்ட மை காய்வதற்குள், பார்சல் கம்பெனியின் மேலாளர் அம்மாள் திரையில் ஒரு வரைபடம் இருந்தால் தேவலை என்றார். ஆயிடும். வரைபடத்தில் ஒரு லாரி. ஆயிடும். லாரி நகர வேண்டும். அதுவும் ஆயிற்று. "நகருதுல்ல சார், அப்படியே சக்கரமும் சுத்தினா நல்லா இருக்குமே!" எங்கள் ஆள் ஒருவன் நான்கு நாள் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றவைத்தான். போன வாரம் ஓட்டிப் பார்த்தபோது லாரி ஜோராக ஓடியது, பார்சல் எங்கே என்றுதான் தெரியவில்லை.

ஒப்பந்தத்தில் இல்லாததைக் கேட்டால் மாற்றக் கோரிக்கைப் படிவம் நிரப்பி, அதற்குக் கூடுதல் நாள் வாங்க வேண்டும். ஆனால் இதையெல்லாம் மாற்றம் என்று சொன்னால் ஆயிடும் சாருக்குக் கோபம் வரும். "சேஞ்ச்னு யாரு சொன்னா? அவங்க கேட்டது விளக்கம். விளக்கம் கொடுக்கறது நம்ம கடமை தம்பி." இப்படி விளக்கம் விளக்கமாகக் கொடுத்தே, இதுவரை முடித்த மூன்று திட்டங்களிலும் மாற்றக் கோரிக்கை பூஜ்யம் என்று கணக்குக் காட்டியிருக்கிறார். நிர்வாகம் அதற்கு ஒரு கோப்பை கொடுத்தது. வாடிக்கையாளர் எள் என்றால் இவர் எண்ணெயாக நிற்கிறார் என்று மேடையில் புகழ்ந்தார்கள். செக்கில் அரைபடும் எள் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கோப்பை அவர் மேசைமேல் இருக்கிறது, தினமும் கைக்குட்டையால் துடைக்கிறார்.

பாவம், மனுஷனுக்கு முடியாது என்று சொல்ல வராது போல என்று ஆரம்பத்தில் நானும் இரக்கப்பட்டவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரமாக ஒரு கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் தச்சர் அலமாரி செய்துகொண்டிருந்தார். ஆறு தட்டோடு ஏழாவதாக ஒன்று இருந்தால் பிள்ளைகள் புத்தகம் வைக்கலாமே என்றார் அவர் மனைவி. இவர் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து விரித்தார். "பேசினது ஆறு. ஏழுன்னா இவருக்கு இன்னொரு நாள் ஆகும். நாளைக்கு வர்ற பெயின்ட்காரர் சும்மா நிப்பாரு. எல்லாம் தள்ளிப்போகும். வேணும்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அந்த அம்மாள் என் கையில் டீயைக் கொடுத்துவிட்டு, "ஆபீஸ்ல எல்லாத்துக்கும் சரி சரிம்பாராமே, நெஜமாவா?" என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம்! அப்படியானால் இவருக்கு எல்லாம் தெரியும். ஒரு பலகை கூடினால் யார் யார் காத்துக் கிடக்க வேண்டும் என்று அணுவணுவாகத் தெரியும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்! டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

சோதனைப் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள். புதிதாக எது சேர்ந்தாலும் அவள் ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் வெளியே போகாது. அவள் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். கூட இருக்க வேறு ஆள் இல்லை. வரைபடத்தால் ஒரு தேதி போயிற்று, சக்கரத்தால் இன்னொன்று. இந்த வியாழக்கிழமை மூன்றாவது தேதி. இதையும் விட்டால் நாலு மாதம் கழித்துத்தான் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாள் இப்போதே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போகிறாராம். "லீவா? தாராளமா எடுத்துக்கோம்மா. புதன்கிழமை ஒப்படைச்சிட்டா வியாழக்கிழமை உன்னை யாரு கேக்கப் போறா?" என்றார் ஆயிடும்.

புதன்கிழமை மூன்று மணிக்கு எல்லோரும் கூட்ட அறையில் இருந்தோம். ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த பார்சல் கம்பெனி அம்மாள், "சார், ஒரு சின்ன விஷயம்" என்று நிறுத்தினார். "பார்சல் வாங்கறவங்க திரையிலயே விரலால கையெழுத்து போடற மாதிரி இருந்தா?" இவர் தலை ஆட ஆரம்பித்தது.

சோதனைப் பெண் எழுந்தாள். அவள் கையில் மாற்றக் கோரிக்கைப் படிவம். எங்கள் அலமாரியில் கட்டுப் பிரிக்காமல் கிடப்பது. என்ன கேட்பார்கள் என்ற கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியை அவளே நிரப்பிக் கொண்டுவந்திருந்தாள்.

"சார், இதுல நீங்களும் மேடமும் ஒரு கையெழுத்து போட்டா போதும். இருக்கறத இன்னிக்கே ஒப்படைச்சிடலாம். மேடம் கேக்கறத நான் திரும்பி வந்ததும் முதல் வேலையா பாக்கறேன். நாளைக்குக் காலைல அம்மாவச் சேக்கணும் சார்." படிவத்தை அவர் முன்னால் நீட்டினாள்.

"ஐயையோ, அப்படின்னா அடுத்த மாசமே இருக்கட்டும் சார். எனக்கொண்ணும் அவசரமில்ல" என்றார் பார்சல் கம்பெனி அம்மாள்.

போடுங்கள் ஐயா, ஒரே ஒரு கையெழுத்து! நான் கிட்டத்தட்ட வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அவர் படிவத்தை இரண்டு கைகளாலும் வாங்கினார். மேலிருந்து கீழ்வரை படித்தார். பையிலிருந்து பேனாவை எடுத்தார். "சேஞ்சே இல்ல மேடம் இது, சின்ன விளக்கம்தான்" என்று புன்னகைத்து, தாளைத் திருப்பி, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் ஒன்று என்று எண் போட்டு வட்டமிட்டார்.

"சொல்லுங்க மேடம், எந்த விரல்?"