ஜாஸ்மின் அக்காவும் கண்ணிவெடி வயலும்

நாவலூரிலிருந்து தாம்பரம் திரும்பும் ஆபீஸ் வேனில்தான் ஜாஸ்மின் அக்காவை முதலில் பார்த்தேன். மடியில் ஒரு வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேலையில் சேர்ந்த புதிது. யாரிடமும் வலியப் போய்ப் பேசுவேன்.

“பிளாட் வாங்கறீங்களா மேடம்?”

“பிளாட்டா? இந்த வயல் முழுக்கக் கண்ணிவெடி தம்பி. சும்மா குடுத்தாலும் வேணாம்.”

அது மேஜைமேல் விரித்து ஆடும் போர் விளையாட்டின் வரைபடம். அட்டைச் சில்லுகள்தான் படைகள். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கும் அக்கா, ஞாயிறுதோறும் பொழிச்சலூர் வீட்டு ஹாலில் இதை ஆடுகிறவர். எதிரணியில் ஊரப்பாக்கம் விக்கியும் அவன் மச்சான் கதிரேசனும். அக்காவோடு சேர்ந்து ஆடியவர் பெங்களூர் போய்விட்டதால் அந்த இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார். கணவர் ஜெஃப்ரி ஆடமாட்டார். பிரியாணி அவர் பொறுப்பு.

நான் ஆட்டம் பழகி முடிப்பதற்குள் விக்கிக்கு அலுத்துவிட்டது.

“இன்னாக்கா, ஒரு ஆட்டத்துக்கு நாள் பூரா போவுது. இன்னிக்கு நான் ஜெயிச்சா, அடுத்த வாரத்துலேர்ந்து ரம்மிதான்.”

நாலு பேர் இல்லாமல் இந்த ஆட்டம் நடக்காது. அக்காவோ வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமையை நினைத்தே வேனில் உட்கார்ந்திருப்பவர். வரைபடத்தை மேஜைமேல் விரித்தார். பிறகு, “சரி, ஆடு” என்றார்.

விக்கியின் காவல்படை நிற்கும் பாலத்தைக் குறித்த சுற்றுகளுக்குள் எங்கள் டாங்கி எட்டினால் எங்களுக்கு வெற்றி, இல்லாவிட்டால் அவனுக்கு. நடுவில் கண்ணிவெடி வயல். வெடிகளை எடுக்க எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பொறியாளர் குழு. ஓரத்திலிருந்து ஒழுங்காக எடுத்துக்கொண்டே வரலாம், களை பறிக்கிற மாதிரி, என்றேன்.

“நாம என்ன நாத்து நடவா போறோம்? ஒரு வண்டி போற வழி போதும்பா.”

வயல் குறுகலாக இருந்த இடத்தில் குழுவை இறக்கினார். சுற்றுக்கு ஒருமுறை பகடை உருட்டலாம். ஐந்தோ ஆறோ விழுந்தால் வழி திறக்கும். குழு துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டால் அந்தச் சுற்றில் உருட்ட முடியாது. முதலில் இரண்டு விழுந்தது. அடுத்து ஒன்று.

“மெட்ரோ வேலை மாதிரியே போவுது,” என்று கதிரேசன் சிரித்தான்.

பொறியாளர்களை ஒழித்துவிட்டால் தீர்ந்தது என்று விக்கி பாலத்துக் காவலைக் கிளப்பி வயலோரம் கொண்டுவந்தான்.

“அக்கா, பக்கத்துல வந்துட்டான். சுட்டுடலாம்கா!”

“சுடாத. அவங்க வேலைய அவங்க பாக்கட்டும். பாலத்துல இப்ப யாரு இருக்கா, பாரு.”

பாலத்தில் ஒருவரும் இல்லை. அக்கா டாங்கியால் புகைக்குண்டு வீசிக் குழுவை மறைத்தார். புகைக்குள் விக்கி சுட்டது வீணாயிற்று. வீட்டுக்கு மேலே விமானம் ஒன்று தாழப் போனது. சத்தம் அடங்கும்வரை பகடையைக் கையிலேயே வைத்திருந்து, பிறகு உருட்டினார்.

ஐந்து.

கடைசிச் சுற்றில், காவல் திரும்புவதற்குள், டாங்கி அந்தச் சின்ன வழியில் புகுந்து காலிப் பாலத்தில் போய் நின்றது. விக்கி தலையில் கை வைத்துக்கொண்டான்.

“பேஜாராப் போச்சே! அடுத்த வாரம் கண்ணிய நான் வெக்கிறேன். எப்டி எடுக்கறீங்கன்னு பாக்கறேன்.”

“அப்போ ரம்மி?” என்று அக்கா கேட்டார்.

“ரம்மியாவது கிம்மியாவது. பிரியாணிய போடுங்கக்கா.”

ஜாஸ்மின் அக்கா இப்போதும் பொழிச்சலூரில்தான் இருக்கிறார். நாவலூர் ஆபீஸில் எங்கள் டெஸ்டிங் குழுவுக்கு அவர்தான் லீட். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு ஹாலில் நாலு பேரும் ஆடிக்கொண்டிருக்கிறோம்.