கைலி மதாரின் பதினேழாம் நோன்பு

மேலப்பாளையத்தில் மதார் வீடு எது என்று கேட்டால் நான்கு வீட்டைக் காட்டுவார்கள். கைலி மதார் வீடு என்று கேட்டால் ஒரே வீடுதான். ஐம்பது வருஷக் கைலி வியாபாரம். முதலில் சைக்கிள், அப்புறம் மொபெட். பின்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வள்ளியூர், திசையன்விளை என்று சந்தை சந்தையாகப் போய் வந்தவர். அவருடைய வாப்பா தறி நெய்தவர். வாப்பாவின் தங்கை மகள் அலிமா பீவியைத்தான் மதார் நிக்காஹ் செய்திருக்கிறார். ஆக, சொந்த மாமி மகள். மூக்கு ஒழுகிய வயதிலிருந்தே அவரைப் பார்த்தவர் என்பதால், அலிமா பீவியிடம் மதாரின் பெருமை எதுவும் செல்லாது.

பெருமை என்று மதாருக்கு இருந்ததே ஒன்றுதான். ஒன்பது வயதில் ரமலான் நோன்பு பிடிக்கத் தொடங்கி, எழுபத்தொரு வயது வரை ஒரு நோன்புகூட விட்டதில்லை. கால் முறிந்து மாவுக்கட்டோடு கிடந்த வருஷமும் விடவில்லை. சித்திரை வெயிலில், திசையன்விளை செம்மண் காட்டில் மொபெட் பஞ்சராகி நாலு மைல் தள்ளிக்கொண்டு வந்த அன்று எச்சில்கூட விழுங்கவில்லை என்று பஜாரில் சொல்லுவார்.

"எச்சில் விழுங்குனா நோன்பு முறியாது. அதுகூடத் தெரியாம அறுபது வருசம் பிடிச்சிருக்காக" என்று அலிமா பீவி அடுப்படியிலிருந்தே சொல்லுவார்.

கொரோனா இரண்டாம் அலை வந்தபோது ரமலானும் சேர்ந்து வந்தது. பதினோராம் நோன்பன்று மதாருக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலி. அவர் யாரிடமும் சொல்லாமல் மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி, விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு ஒன்று, சாயங்காலம் நோன்பு திறந்ததும் ஒன்று என்று போட்டுக்கொண்டார். பகல் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பதினான்காம் நோன்பன்று மூச்சு வாங்க ஆரம்பித்தது. மகள் மர்வா ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள். அலிமா பீவிக்கும் லேசான காய்ச்சல் இருந்ததால் அவர் வீட்டிலேயே ஒதுங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு கட்டில் போட்ட ஆண்கள் வார்டு. மதாருக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய். பக்கத்துக் கட்டிலில் பாக்கியசீலன் என்று ஒருவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மாமனார் ஊர் வள்ளியூர் என்று தெரிந்ததும் மதார் அந்த மாமனாரின் தம்பி பெயர் வரைக்கும் சொல்லிவிட்டார். எல்லாரும் கைலி வாங்கியவர்கள்தானே. ஒரே நாளில் ரெண்டு பேரும் அப்படி ஒட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் மதார் தன் இட்லிப் பொட்டலத்தைப் பைய நகர்த்தி பாக்கியசீலன் கட்டிலில் வைத்தார்.

"என்ன பாய், வயித்துக்குச் சரியில்லையா?"

"நோன்புவே."

பாக்கியசீலன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இங்கன வந்துமா? டாக்டரம்மா என்ன சொன்னாங்க, காது கேட்டுதா இல்லையா? சளி நெஞ்சுல கட்டியிருக்கு, டிரிப் நிறைய ஏத்த முடியாது, வாயாலதான் தண்ணி குடிக்கணும்னாங்க."

"அறுபத்திரண்டு வருசம் விட்டதில்ல. இப்பம் விட்டா அதுதான் என்னைய விட்ரும். நீரு இட்லியைத் தின்னும். வெளிய சொல்லப்படாது."

பாக்கியசீலன் சத்தியம் செய்து கொடுத்தார். இட்லியையும் தின்றார். இப்படியே மூன்று நாள் ரெண்டு பேர் காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் அவருக்கே ஆனதில், வியாதிக்காரர் ஒருவர் வார்டில் சதை போட்டார் என்றால் அது அவராகத்தான் இருக்கும்.

சாப்பாட்டுக்கு இப்படி வழி கிடைத்தது. தண்ணீருக்கு மதாரே வழி கண்டுபிடித்துவிட்டார். தலைமாட்டில் ஒரு நாளைக்கு லிட்டர் பாட்டில் மூன்று வைப்பார்கள். பாட்டில் காலியானால் குடித்தாயிற்று என்று நோட்டில் எழுதிக்கொள்வார்கள். மதாருக்கு ஐந்து வேளைத் தொழுகை. ஆக்சிஜன் குழாயோடு குழாயடிக்குப் போக முடியாது. கட்டிலுக்குக் கீழே பிளாஸ்டிக் பேசினை இழுத்து வைத்து, பாட்டில் தண்ணீரில் கை, வாய், முகம், கால் எல்லாம் கழுவி ஒளு செய்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தபடியே தொழுவார். அஞ்சு தடவை ஒளு செய்தால் மூன்று பாட்டிலும் தீர்ந்துவிடும். தண்ணீரை வீணாக்கவில்லை, யாரிடமும் வாய் திறந்து பொய்யும் சொல்லவில்லை என்று மதாருக்கு நிம்மதி. இருட்டிய பிறகாவது நன்றாகக் குடித்தாரா என்றால் அதுவும் இல்லை. ராத்திரி எழும்பி எழும்பிப் போகவேண்டுமே என்று ரெண்டு பேரீச்சம்பழமும் ஒரு டம்ளர் தண்ணீருமாக நிறுத்திக்கொண்டார்.

சிறுநீரை மட்டும் அளவு ஜாடியில் பிடித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அதை ஒழுங்காகக் கொடுத்தார். அங்கேதான் கோளாறு வந்தது.

பதினேழாம் நோன்பு, மத்தியானம் பன்னிரண்டு மணி. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கிரியாட்டினின் நாலே முக்கால் வந்துட்டு, ஒண்ணே காலுக்கு மேல போகக்கூடாது. மூணு லிட்டர் குடிக்காரு, முந்நூறு மில்லிகூட வெளிய வரலை. இந்த வயசுல கொரோனா கிட்னியையும் சேர்த்துப் பிடிக்கிறது உண்டு. தண்ணியை அரை லிட்டரா குறைச்சிருங்க. காலையில பார்த்துட்டு டயாலிசிஸ் போட்டுருவோம். வீட்ல கேட்டு கையெழுத்து வாங்குங்க."

டயாலிசிஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் மதார் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவருடைய மூத்த காக்கா, கூடப் பிறந்த அண்ணன், கடைசி ரெண்டு வருஷமும் வாரம் ரெண்டு தடவை வேனில் போய் அந்த மிஷினில்தான் கிடந்தார். மூட்டை தூக்கிய கை தீக்குச்சி மாதிரி ஆனதை மதார் பக்கத்தில் இருந்து பார்த்தவர். ஆயுசு முடிந்தால் போகிறது, அந்த மிஷின் மட்டும் வேண்டாம் என்று பல நாள் துஆ கேட்டிருக்கிறார்.

டாக்டரம்மா நகர்ந்ததும் பாக்கியசீலன் குனிந்தார். "பாய், சொல்லிரும்வே."

"எதைச் சொல்ல? அவங்களே தண்ணியைக் குறைக்கத்தான சொல்லுதாங்க. நோன்பு நல்லதுக்குத்தான்னு தெரியலையா?"

"நீரு குடிக்கீருன்னு நினைச்சுல்லா குறைக்காங்க. நீரு எங்க குடிக்கீரு?"

மதார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நோன்பும் பிடித்து மிஷினும் வந்தால் எங்கே போய் நிற்பது என்று முதல்முறையாக ஒரு பயம் எட்டிப் பார்த்தது.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஸ்டெபி வந்தாள். வள்ளியூர்ப் பிள்ளை. கவச உடுப்புக்குள் கண் மட்டும்தான் தெரியும். மதாரின் முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழவில்லை. எடைக் கருவியில் ஏற்றி நிறுத்தினாள். வந்த அன்றைக்கு இருந்ததைவிட ரெண்டு கிலோ குறைந்திருந்தது. நாக்கை நீட்டச் சொன்னாள். புளியமரத்துப் பட்டை மாதிரி இருந்தது நாக்கு.

"தாத்தா, மூணு லிட்டர் உள்ள போய் வெளிய வரலைன்னா காலு வீங்கணும், எடை கூடணும். ரெண்டும் இல்ல. குடிச்ச தண்ணி எங்க போகுது?"

மதார் பேசினைக் காலால் கட்டிலுக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளினார்.

பாக்கியசீலன் தொண்டையைச் செருமினார். "பிள்ள, அது பாதி காலு கழுவப் போகுது, மீதி முகம் கழுவப் போகுது."

"சத்தியம் பண்ணுனீரே வே" என்றார் மதார்.

"பண்ணுனேன். நீரு உசிரோட இருந்து என்னைய ஏசும், அது போதும் எனக்கு."

ஸ்டெபி ஏசவில்லை. எப்படியும் கையெழுத்துக்காக வீட்டுக்குப் பேசவேண்டும். போனைப் போட்டு விஷயத்தை அலிமா பீவியிடம் சொன்னாள். கவச உடுப்புக்குள் காது கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அதனால் வார்டு முழுக்கக் கேட்டது.

"மர்வா வாப்பா, கேக்குதா?"

"கேக்கு."

"நோன்பா பிடிக்கிய?"

மதார் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"நோயாளிக்கு விட்டுக்கிட அனுமதி உண்டுன்னு ஊருக்கே தெரியும். அது கிடக்கட்டும். நிக்காஹ் ஆன நாள்ல இருந்து நான் எத்தனை நோன்பு பிடிச்சேன், சொல்லுங்க."

"நீயா? எல்லா வருசமும்தான் பிடிச்சே."

"முப்பதும் பிடிச்சனா? பொம்பளைக்கு மாசத்துல ஏழு நாள் போவும். பிள்ளை உண்டாயிருந்த வருசம், பால் கொடுத்த வருசம் மொத்தமாப் போச்சு. அதையெல்லாம் எப்பம் பிடிச்சேன்?"

விட்டுப்போன நோன்பைப் பிறகு பிடிப்பதற்குக் களா என்று பெயர். மதாருக்குப் பெயர் தெரியும். தன் வீட்டில் அது எந்த நாளில் நடந்தது என்பது தெரியாது.

"பெருநாள் முடிஞ்சு நீங்க எல்லாரும் பகல்ல உக்காந்து கறிச்சோறு திங்கும்போது, நான் பரிமாறிக்கிட்டே ஒத்தையில பிடிச்சேன். கஞ்சி கிடையாது, கூட ஆள் கிடையாது. நாப்பத்தாறு வருசத்துல ஒரு நாள், இன்னைக்கு நீ நோன்பான்னு கேட்டியளா?"

மதார் தலைமாட்டுப் பாட்டிலின் மூடியை இறுக்கினார்.

"அது நோன்பு இல்லைன்னா சொல்லுங்க, நீங்க குடிக்க வேண்டாம். அதுவும் நோன்புதான்னா, நீங்களும் அதே மாதிரி பொறவு பிடிங்க. படைச்சவனுக்குப் பிடிக்கியளா, பஜாருக்குப் பிடிக்கியளா?"

கடைசிக் கட்டிலில் யாரோ, "அந்த அம்மா சொல்லுதது சரிதான் பாய்" என்றார்.

ஸ்டெபி டம்ளரில் தண்ணீரை ஊற்றி நீட்டினாள். மதார் சுற்றுமுற்றும் பார்த்தார். பாக்கியசீலன், "நான் பாக்கலைவே" என்று போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டார். மதார் பிஸ்மில்லா சொல்லி ஒரு மடக்குக் குடித்தார். அப்புறம் அந்த டம்ளர் முழுவதும். அப்புறம் இன்னொன்று. பட்டப்பகலில், ரமலானில், தண்ணீர் இத்தனை குளிர்ச்சியாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

ஸ்டெபி தகவல் சொன்னதும் டாக்டரம்மா ஓட்டமாக வந்தார். முழுக் கதையையும் கேட்டார். வலி மாத்திரைக் கதையும் அப்போதுதான் வெளியே வந்தது. கிருமி ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம், தண்ணீர் இல்லாதது ஒரு பக்கம், மூன்றும் சேர்ந்தால் வயசான கிட்னி என்ன செய்யும் என்று கேட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அளந்து தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "காலை வரைக்கும் பார்ப்போம். ஜாடி நிறையலைன்னா மிஷின்தான்."

அன்று சாயங்காலம் ஜாடியில் இருநூறு. பாக்கியசீலன் கிரிக்கெட் ஸ்கோர் சொல்லுவதுபோல வார்டுக்கே அறிவித்தார். ஏழு மணிக்கு முந்நூற்றைம்பது. விடிந்தபோது மொத்தம் தொள்ளாயிரத்தைத் தாண்டியிருந்தது. டாக்டரம்மா ஜாடியைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். நாலே முக்கால் நாலே காலாகியிருந்தது. கையெழுத்து வாங்க வைத்திருந்த காகிதத்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மிஷின் வேண்டாம். ஆனா உங்க இட்லியை இனி நீங்கதான் தின்னணும்."

"அதுல எனக்குத்தான் நஷ்டம்" என்றார் பாக்கியசீலன்.

பெருநாளுக்கு ரெண்டு நாள் முன்பு மதார் வீட்டுக்கு வந்தார். பஜார்க்காரர்கள் வாசலில் தள்ளி நின்று நலம் விசாரித்தார்கள். அதில் ஒருவர் பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"அண்ணாச்சி, இந்த வருசமும் முப்பதுதான?"

மதார் செம்பில் இருந்த தண்ணீரை எல்லாரும் பார்க்க ஒரு மடக்குக் குடித்தார். "இல்லடே. பதினாலு பாக்கி கிடக்கு. கிட்னி பழையபடி ஆகி டாக்டரம்மா சரின்னு சொன்ன பொறவு, மார்கழி குளிர்ல ஒவ்வொண்ணாப் பிடிக்கணும்."

"பதினாலும் ஒத்தையிலயா?"

உள்ளேயிருந்து அலிமா பீவியின் குரல் வந்தது. "காய்ச்சல்ல எனக்கும் ஆறு போயிருக்கு. ஆறுக்கு நான் கூட இருக்கேன். மிச்சம் எட்டுக்கு மீன்குழம்பு வச்சு எதிர்ல உக்காந்து திம்பேன்."

"சரி" என்றார் மதார்.