ஆறாம் அத்தியாயத்துக்கு அடித்த ஆணி

ஹில்லெவி நூர்பெக்கின் ஆய்வேட்டில் எட்டு அத்தியாயங்கள். மற்ற ஏழு அத்தியாயங்களைப் பற்றி எவருக்கும் புகார் இல்லை. ஆறாவதை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள், அதுவும் ஆய்வேட்டை ஆணியடித்து மாட்ட வேண்டிய நாளின் காலையில்.

"ஒரே ஒரு அத்தியாயம்தானே," என்றார் யோரன் செல்லின். அவளுடைய நெறியாளர், மின்பொறியியல் துறையின் தலைவரும் அவர்தான். "அது இல்லாமலே உனக்கு முனைவர் பட்டம் கிடைச்சிடும்."

"கிடைக்கும். ஆனா அதுக்காகவா வந்தேன்?"

வடக்கு ஸ்வீடனின் அந்தப் பல்கலைக்கழகத்தில், ஆய்வேட்டைப் பலர் முன் வாதிட்டு நிறுவும் பொது வாய்மொழித் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, துறை நடைகூடத்தில் நிற்கும் பைன் மரத்துண்டில் ஆய்வேட்டை ஆணியடித்து மாட்டுவார்கள். முதல் பக்கத்தில் துறைத்தலைவர் "ஆணியடிக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆணி இறங்கிய பிறகு அது ஊருக்குச் சொந்தம். போகிறவர் வருகிறவர் யாரும் புரட்டிப் பார்க்கலாம். ஒரு சொல்லை மாற்ற எழுதியவளுக்கே உரிமை கிடையாது.

ஹில்லெவி பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் மகள். பொறியியல் முடித்ததும் நூர்வால் மின்நிறுவனத்தில் சேர்ந்து, துணைமின்நிலையங்களில் பாதுகாப்பு ரிலேக்களைச் சோதிக்கும் வேலை பார்த்தாள். மின்பாதையில் கோளாறு என்றால் மின்சாரத்தைத் துண்டிப்பது ரிலேயின் வேலை. பத்தாண்டுக்கு மேல் அதே வேலை, இரண்டு பிள்ளைகள், வாரக் கடைசியில் பனிச்சறுக்கு. வாழ்க்கை அப்படியே போயிருக்கும், ஆந்தே சாகாமல் இருந்திருந்தால்.

ஆந்தே, கலைமான் மேய்க்கும் வடக்கத்திப் பழங்குடியான சாமே இனத்தவர். ஒரு ஜனவரி மாலை, பனியில் அறுந்து கிடந்த உயர் அழுத்தக் கம்பியில் சிக்கி இறந்தார். ரிலே துண்டித்திருக்க வேண்டும், துண்டிக்கவில்லை. நிறுவனத்தின் விசாரணை அறிக்கை வேறு கதை சொன்னது. ஆந்தே பனி ஸ்கூட்டரைத் தாறுமாறாக ஓட்டி, கம்பத்தை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பியில் மோதினாராம். அதனால்தான் மின்கம்பி அறுந்ததாம். செத்தவன் எழுந்து வந்து மறுக்கமாட்டான் என்பதே இப்படிப்பட்ட அறிக்கைகளின் மூலதனம். செத்தவன் சாமேயாகவும் இருந்துவிட்டால் கேள்வி கேட்க ஆளே இருக்காது.

அறிக்கையை வாசித்த கூட்டத்தில் யாரோ சொன்னார்: "அவங்க அப்படித்தானே ஓட்டுவாங்க."

"யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டாள் ஹில்லெவி.

"பார்க்கணுமா என்ன?" என்றார் பிரிவு மேலாளர் ஸ்டஃபன் ப்ரூமன். சிரிப்பு எழுந்தது. காபி வந்தது. அடுத்த பொருளுக்குப் போனார்கள்.

அந்தச் சிரிப்புதான் அவளை முப்பத்தேழாவது வயதில் மறுபடி மாணவியாக்கியது. செலவை நிறுவனமே ஏற்றது. தங்களிடமும் ஒரு முனைவர் இருக்கிறார் என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாமே! பனியில் விழுந்த கம்பியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அவள் தலைப்பு. உலர்ந்த பனி மின்சாரத்தை எளிதில் மண்ணுக்கு விடாது. அதனால் மின்னோட்டம் மிகச் சிறியது. ரிலேயின் கண்ணுக்குத் தெரியாது. கம்பி உயிரோடு கிடக்கும், எல்லாம் சரியாக இருப்பதாகத் திரை காட்டும்.

சோதனைத் திடலில் குளிர்காலம் முழுக்க உயிருள்ள கம்பிகளைப் பனியில் போட்டாள். "ஹில்லெவி பனிக்கு ஷாக் கொடுத்து வைத்தியம் பாக்குறா" என்று ஆய்வகத்தில் கேலி ஓடியது. முதல் கணக்கு பொய்த்தது. அனுப்பிய கட்டுரை திரும்பி வந்தது. பிறகு ஒரு கடும் குளிர் நாளில், கம்பிக்கு அடியில் பனிக்குள் நீல ஒளி மினுக்கி மினுக்கி அணைவதைப் பார்த்தாள். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தோண்டினால், விரல் பருமனில் கண்ணாடி போன்ற பனிக்கட்டிக் குழாய்! தீப்பொறி பனியை உருக்குகிறது; உருகிய நீர் மறுபடி உறைகிறது; பொறி அணைந்து மறுபடி பற்றுகிறது. மின்னோட்டம் விட்டு விட்டு இருமுகிறது. அந்த இருமலுக்கு ஒரு தாளம் இருந்தது. தாளம் இருந்தால் கணக்கு இருக்கும். ஒரு வருடத்தில் அந்தக் கணக்கைப் பிடித்துவிட்டாள்.

பிடித்ததும் முதலில் எடுத்தது ஆந்தே இறந்த மாலையின் பதிவைத்தான். துணைமின்நிலையக் கருவி பதிந்துவைத்த அலைவடிவத்தில் இருமல் கேட்டது. ஆந்தே கம்பியைத் தொட்டதும் அலைவடிவம் சட்டென மாறியிருந்தது; அந்த நொடிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகவே அது தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில் அவர் பெட்ரோல் பங்கில், கேமரா பார்க்க, கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். கம்பி தானாக அறுந்து விழுந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் உயிரோடு கிடந்தும் நிறுவனத்தின் ரிலே அதைப் பார்க்கவில்லை. இதுதான் ஆறாம் அத்தியாயம்.

வெளியிடுமுன் நிறுவனம் படித்துப் பார்க்கலாம் என்பது ஒப்பந்தம். ஸ்டஃபனுக்கு வசந்தத்திலேயே அனுப்பினாள். அவர் படிக்காமல் "மகிழ்ச்சி, வெளியிடலாம்" என்று பதில் போட்டார். ஆய்வேட்டை யார் படிக்கிறார்கள்? ஆணியடிக்கும் நாளுக்கு முந்தைய நாள்தான் யாரோ சுருக்கத்தைப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஆய்வகத்துக்குப் பாதிக் கருவி அவங்க கொடுத்தது, ஹில்லெவி," என்றார் யோரன், ஆணியடிக்கும் நாளின் அந்தக் காலையில். "உன் வேலையும் அவங்ககிட்டதான்."

"தெரியும்." அவள் ஆய்வேட்டுப் புத்தகத்தை அவர் முன்னால் திறந்து வைத்தாள். அந்த ஊரில் பேராசிரியரும் 'நீ'தான். "எந்தப் பக்கத்துல தப்பு? காட்டு. நானே கிழிச்சுடறேன்."

யோரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். புரட்டினார். ஒரு சமன்பாட்டில் பென்சில் நின்றது. நகர்ந்தது. மறுபடி நின்றது.

"தப்பு இல்லை," என்றார் கடைசியில், தோற்றவர் போல. பிறகு முதல் பக்கத்துக்கு வந்து, பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "கருவி போனா போகட்டும். தப்பில்லாத அத்தியாயத்தைத் தூக்கினவன்னு பேர் வாங்கிட்டு நான் எங்க போய்ப் பாடம் நடத்துறது?"

நடைகூடத்தில் காபியும் பாதாம் மாவு போர்த்திய பச்சை மார்சிபான் கேக்குமாகக் கூட்டம் காத்திருந்தது. ஆந்தேயின் அக்கா இங்கா-மாரெத்தும் நீலமும் சிவப்புமான மரபுடையில் வந்திருந்தார். ஹில்லெவி ஆணியை வைத்து ஓங்கி அடித்தாள். ஆணி வளைந்தது. புத்தகத்தின் மூலையில் முதலில் துளை போட வேண்டும். காலைச் சண்டையில் மறந்துபோனாள்.

"நாலு வருஷம் படிச்சும் ஆணி அடிக்கத் தெரியலையே!" என்று யாரோ கத்த, எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்போதுதான் ஸ்டஃபன் மூச்சிரைக்க உள்ளே வந்தார். வளைந்த ஆணியைப் பார்த்தார். "நல்லவேளை, இன்னும் அடிக்கலை. ஆணிக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்லையே ஹில்லெவி. ஒரு வாரம் தள்ளிப் போடு, உக்காந்து பேசுவோம்."

"எந்தப் பக்கத்துல தப்பு, ஸ்டஃபன்?"

"இது பக்கத்தைப் பத்தின விஷயம் இல்லை."

"ஆய்வேட்டுல பக்கத்தைத் தவிர வேற என்ன இருக்கு?"

யோரன் துளைக்கருவி தேடி ஓடினார். இங்கா-மாரெத் காத்திருக்கவில்லை. இடுப்புக் கத்தியை உருவினார். "கலைமான் குட்டி காதுல எங்க குடும்ப அடையாளம் வெட்டுற கத்தி இது," என்றார். "கொடும்மா. இதுக்கும் ஒரு காது இருக்கு." புத்தக மூலையில் கத்தி முனையை வைத்துத் திருகினார். காகிதத் துணுக்குகள் உதிர்ந்தன. வாய் திறந்த ஸ்டஃபன் கத்தியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

இரண்டாவது ஆணி ஒரே அடியில் பாதி இறங்கியது. அடுத்த அடியில் முழுதும். நடைகூடம் அதிர்ந்தது. ஹில்லெவி ஒரு தட்டில் கேக் வைத்து ஸ்டஃபனிடம் நீட்டினாள். "சாப்பிடு. உன் நிறுவனப் பணத்துல வாங்கினதுதான்."

மூன்று வாரம் கழித்துப் பொது வாய்மொழித் தேர்வு. அரங்கம் நிரம்பி, படிகளிலும் ஆட்கள். ஆய்வேட்டைக் குறுக்குக் கேள்வி கேட்டுச் சோதிக்க நார்வேயிலிருந்து வந்த எதிர்வாதி ஏழு அத்தியாயங்களை விரைவாகக் கடந்துவிட்டு ஆறாவதைப் பிடித்துக்கொண்டார். "காத்துல மரக்கிளை உரசினாலும் மின்னோட்டம் இருமும். நீ கேட்டது பனியா, கிளையா?"

"எனக்கும் அதே சந்தேகம்தான். அதனால ஒரு குளிர்காலம் பூரா கிளையைக் கட்டி உரசிப் பார்த்தேன். கிளை காத்தோட தாளத்துல உரசும். பனி தண்ணி உறையுற தாளத்துல இருமும். ரெண்டு வரைபடமும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, பாரு."

எதிர்வாதி ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இன்னும் பல பக்கங்களிலிருந்து குத்தினார். அத்தியாயம் நின்றது. உண்மையைப் பொத்திப் பாதுகாக்கத் தேவையில்லை. நன்றாக அடித்துப் பார்க்க ஆள் இருந்தால் போதும்.

அவையினரும் கேட்கலாம் என்றதும் ஸ்டஃபன் எழுந்தார். "பதிவுக் கருவியோட கடிகாரம் தப்பா ஓடியிருந்தா?"

"இருமல் தொடங்கினதும் ஆந்தே இறந்ததும் ஒரே பதிவுல இருக்கு. கடிகாரம் தப்புன்னா ரெண்டும் சேர்ந்துதான் தப்பும். நடுவுல இருக்கிற நேரம் மாறாது. நீங்க சொல்ற மாதிரி அவர் மோதித்தான் கம்பி அறுந்துச்சுன்னா, மோதிட்டு ஒரு மணி நேரம் அங்கேயே உக்காந்து என்ன பண்ணார்? காபி போட்டாரா?"

சிரிப்பு எழுந்தது. அன்று நிறுவனக் கூட்டத்தில் எழுந்த சிரிப்பு இப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஸ்டஃபன் உட்கார்ந்தார்.

பட்டம் ஒருமனதாகக் கிடைத்தது. முன்வரிசையில் இங்கா-மாரெத் எழுந்து நின்று கைதட்ட, அரங்கமே எழுந்தது. அடுத்த மாதம் நிறுவனம் பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்றது; ஆந்தே மீது எந்தத் தவறும் இல்லை என்று அவர் பெயரைக் குறிப்பிட்டே எழுதியது. ஹில்லெவியை வேலையிலிருந்து நீக்க அவர்களுக்குத் துணிவில்லை. அவளுடைய கணக்கு அவர்கள் ரிலேக்களில் ஏறிக்கொண்டிருந்தது.

மரத்துண்டில் மாட்டிய பிரதி இன்னும் தொங்குகிறது. ஆய்வேட்டை யாரும் படிப்பதில்லை என்று நம்புகிறவர்கள் ஒருமுறை அதை மூடிப் பக்கவாட்டில் பார்க்கலாம். ஏழு அத்தியாயங்களின் ஓரம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. நடுவில் ஒரு பட்டை மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப்போயிருக்கிறது.